மோதிரத்தில் வைரக்கல் ஆடுகிறது, ஒரே வருடத்தில் மூன்றாவது முறை. கடையில் என்ன கேட்க வேண்டும்?

கோவைக்கவி | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் நிச்சயதார்த்த மோதிரம். 18 காரட் வெள்ளைத் தங்கம், நடுவில் ஒரே கல், 32 சென்ட் (0.32 காரட் எடை), நாலு பிராங் (கல்லைப் பிடிக்கிற கம்பி நகம்). ஆறு வருடமாகக் கழற்றாமல் போட்டிருக்கிறேன்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் கல் லேசாக ஆடுவதைப் பார்த்தேன். வாங்கின கடைக்கே போனேன். உள்ளே எடுத்துப் போய்ப் பத்து நிமிடத்தில் அழுத்திக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. பிப்ரவரியில் மறுபடி ஆடியது, மறுபடி அழுத்தினார்கள். இப்போது மூன்றாவது தடவை. காதுப் பக்கம் வைத்துத் தட்டினால் டிக் டிக் என்று தெளிவாகவே கேட்கிறது.

"தினமும் போட்டால் அப்படித்தான் மேடம், விசேஷத்துக்கு மட்டும் போடுங்க" என்கிறார்கள். வேண்டுமானால் பட்டறைக்கு அனுப்பி ஒரு வாரத்தில் தருகிறார்களாம். ஒரு வாரம் கண்ணில் படாமல் இருக்கிற கல் அதே கல்லாகத்தான் திரும்பி வருமா என்று பயமாக இருக்கிறது. கல்லுக்கு ஐஜிஐ (வைரத்தைச் சோதித்துத் தரம் சொல்கிற ஆய்வகம்) சான்றிதழ் இருக்கிறது. அதே கடையில் கொடுக்கலாமா? வெளியே நல்ல ஆளாகப் பார்க்கலாமா?

ரத்னா | திங்கள், இரவு 10.05

கவி, முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள். இப்போதே. ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு மூடிப் பீரோவில் வையுங்கள். கல் விழுந்தாலும் கவருக்குள்ளேயே கிடக்கும்.

நான் இதில் பட்டவள். என் மோதிரத்தில் 20 சென்ட் கல் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கடைக்குப் போகலாம் என்று இருந்தேன். புதன்கிழமை சப்பாத்தி மாவு பிசைந்து கையைக் கழுவிவிட்டுப் பார்த்தால் நாலு பிராங்கும் வெறும் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. மாவு முழுக்கப் பிசைந்து பார்த்தோம், சிங்க் அடியில் இருந்த குழாயைக் கழற்றிச் சல்லடையில் வடிகட்டினோம். கிடைக்கவில்லை. மாமியார் எனக்குப் போட்ட மோதிரம் அது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தெற்காவணி | செவ்வாய், காலை 6.50

அம்மா, மதுரையிலிருந்து எழுதுகிறேன். வயது 68. எங்கள் அம்மாவின் ஏழு கல் வைரத்தோடு குளோஸ் செட்டிங், 1961இல் கட்டியது. இன்றுவரை ஒரு கல் அசைந்ததில்லை. கல்லைச் சுற்றித் தங்கத்தைத் தள்ளி மூடிவிட்டால் அது எங்கே போகும்? நாலு கம்பி முனையில் வைரத்தை நிறுத்துகிற இந்தப் புது ஃபேஷன்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

என் யோசனை: தெரிந்த பத்தராகப் பார்த்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து வேலையை முடித்து வாங்குங்கள். அந்தக் காலத்தில் பொன் உருக்கும்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருப்பார். நகையைக் கண்ணை விட்டு அகல விடாதீர்கள்.

பட்டறைவாசி | செவ்வாய், பகல் 1.15

கவி மேடம், நான் 22 வருடமாகக் கல் பதிக்கும் வேலை செய்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வைரம் தேயாது, அதைப் பிடித்திருக்கிற தங்கம்தான் தேயும். கீறலைத் தாங்குகிற அளவுகோலில் வைரம் 10. தங்கம் மூன்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 18 காரட்டில் மற்ற உலோகம் கால் பங்கு சேர்வதால் கொஞ்சம் கடினம் கூடும், அவ்வளவுதான். 22 காரட்டில் பிராங் போட்டால் இன்னும் சீக்கிரம் வளையும். வைரத்துக்கு 18 காரட் எடுப்பது அதனால்தான்.

ஒவ்வொரு பிராங்கின் உள்பக்கமும் கல் உட்கார ஒரு சின்னக் காடி வெட்டியிருப்போம். கல்லின் இடுப்பு விளிம்பு (கர்டில் என்போம்) அந்தக் காடியில் உட்காரும். பிராங்கின் முனை மேலே நகம் மாதிரி வளைந்து பிடிக்கும். கல் ஆடுகிறது என்றால் முனை தேய்ந்திருக்கலாம், பிராங் வெளியே விரிந்திருக்கலாம், காடி பெரிதாகியிருக்கலாம், பிராங் அடியில் விரிசல் விட்டிருக்கலாம். இந்த நாலில் அழுத்தினால் சரியாவது ஒன்றே ஒன்றுதான், பிராங் விரிந்தது மட்டும். அதுகூட, ஏன் விரிந்தது என்று பார்க்காமல் அழுத்தினால் திரும்ப விரியும்.

உங்களுக்கு இரண்டு தடவை அழுத்தியிருக்கிறார்கள். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடியும் இல்லையா? பிராங்கும் அப்படித்தான். மூன்றாவது தடவையும் அழுத்தத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கடை எதுவாக இருந்தாலும், "அழுத்தப் போகிறீர்களா, பிராங்கைக் கட்டப் போகிறீர்களா?" என்று கேளுங்கள். தேய்ந்த முனையில் புதிதாகத் தங்கம் வைத்து உருவாக்குவதைத்தான் கட்டுவது என்கிறேன். இரண்டும் வேறு வேறு வேலை.

மூன்று கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். எந்தக் கையில் போடுகிறீர்கள்? நீச்சல் குளம், பிளீச்சிங் பவுடர் என்று ஏதாவது பழக்கம் உண்டா? மோதிரம் இன்னும் வட்டமாக இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஒரு வழி சொல்கிறேன். மோதிரத்தைத் தாளில் படுக்க வைத்து உள்வட்டத்தைக் கூரான பென்சிலால் வரையுங்கள். அப்புறம் மோதிரத்தைக் கால் சுற்று திருப்பி அதே கோட்டின் மேல் வையுங்கள். கோடு பொருந்துகிறதா பாருங்கள்.

தெற்காவணி ஐயா, உங்கள் பேச்சுக்கு மரியாதை உண்டு, ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. ராத்திரி விரிவாக எழுதுகிறேன்.

கோவைக்கவி | செவ்வாய், மாலை 6.30

ரத்னா அக்கா, நேற்று உங்கள் பதிலைப் பார்த்ததுமே கழற்றிக் கவரில் போட்டுவிட்டேன். உங்கள் கதையைப் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை.

அண்ணா, வலது கை மோதிர விரலில்தான் போடுகிறேன். ஸ்கூட்டியில் தினமும் போக வர 24 கிலோமீட்டர், ஆக்ஸிலரேட்டரைப் பிடிக்கிறது அந்தக் கைதான். பாத்ரூம் கழுவ வாரம் ஒரு முறை பிளீச்சிங் பவுடர். அப்போதும் மோதிரத்தைக் கழற்றியதில்லை.

பென்சில் கோடு பொருந்தவில்லை! ஒரு பக்கம் கோடு வெளியே தெரிகிறது, இன்னொரு பக்கம் மோதிரமே கோட்டை மறைக்கிறது. கண்ணால் பார்த்தால் வட்டமாகத்தான் இருக்கிறது.

பட்டறைவாசி | செவ்வாய், இரவு 10.20

அப்படியென்றால் முக்கால்வாசி விஷயம் தெரிந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை இறுக்கிப் பிடிக்கும்போது மோதிரத்தின் அடி வளையம் நசுங்குகிறது. அடி நசுங்கினால் மேலே பிராங் இருக்கிற தலைப்பகுதியும் இழுபடும், எதிரெதிர் பிராங்குகள் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். கடையில் மேலே அழுத்தியிருக்கிறார்கள், அடியில் கோணியிருப்பதைப் பார்க்கவில்லை. அதனால்தான் நாலு மாதத்தில் திரும்ப வந்திருக்கிறது.

பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின் வெள்ளைத் தங்கத்துக்கு நல்லதே இல்லை. அதிலும் நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கமாக இருந்தால், வளைத்த இடங்களில் விரிசல் விட வைக்கும். பிராங் என்பது முழுக்க வளைத்த இடம்தானே.

வேலை நடக்க வேண்டிய வரிசை இது. முதலில் கல்லை எடுக்க வேண்டும். கல்லை வைத்துக்கொண்டே, மோதிரம் மாட்டித் தட்டும் கூம்புக் கம்பியில் ஏற்றித் தட்டி வட்டமாக்கினால் கல் விளிம்பில் சில்லு போகலாம். வைரத்தைக் கீற முடியாது, ஆனால் சில திசைகளில் அடி விழுந்தால் பிளக்கும். "வைரம்தானே, ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் கொடுக்காதீர்கள். கல்லை எடுத்த பிறகு வளையத்தைச் சரி செய்வது, பிராங்கின் அடியை லூப்பில் (கல் பார்க்கும் சின்ன பூதக்கண்ணாடி) பார்ப்பது, தேவைப்பட்டால் முனை கட்டுவது அல்லது தலையையே மாற்றுவது, புதிதாகக் காடி வெட்டிக் கல்லை உட்கார வைப்பது, மெருகு, கடைசியில் ரோடியம் (வெள்ளைத் தங்கத்தின் மேல் போடும் வெள்ளைப் பூச்சு).

தீ வைத்துப் பற்றவைப்பதா, லேசரா என்றும் கேளுங்கள். வைரம் சுத்தமான கார்பன். காற்றோடு சேர்ந்து அளவுக்கு மீறிச் சூடானால் மேற்பரப்பு வெந்து பால் மாதிரி மங்கிவிடும். கல்லோடு பற்றவைக்கும்போது அனுபவம் உள்ளவர்கள் போரிக் அமிலக் கரைசல் பூசிக் காப்பாற்றுவார்கள். லேசரில் அந்த ஒரு புள்ளி மட்டும்தான் சூடாகும். பக்கத்தில் மரகதம், முத்து இருக்கிற நகை என்றால் தீப் பக்கமே போகக் கூடாது.

இப்போது தெற்காவணி ஐயாவுக்கு. குளோஸ் செட்டிங் கல்லை நன்றாகப் பிடிக்கும், உண்மை. ஆனால் தோடு எங்கேயும் மோதுவதில்லை ஐயா, மோதிரம் நாள் முழுக்க மோதுகிறது. அதோடு, அடி மூடின பழைய கட்டில் தண்ணீரும் சோப்பும் உள்ளே போனால் பின்னால் வைத்த தகடு கறுத்துக் கல்லே மங்கிவிடும். அதைத் துடைக்கக்கூட முடியாது. மோதிரத்தில் பிராங் பயமாக இருந்தால், கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு வைத்து அடியைத் திறந்து விடலாம். கல் கொஞ்சம் சிறிதாகத் தெரியும், பிடிப்பு பலமாக இருக்கும்.

தெற்காவணி | புதன், காலை 6.30

தம்பி சொல்வது நியாயம்தான். தோடு மோதுவதில்லை என்பதை நான் யோசிக்கவில்லை. ஆனால் கண்ணெதிரே வேலை செய்வது பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

கவுண்டர்காரன் | புதன், காலை 11.00

நான் நகைக்கடையில் பதினோரு வருடமாக விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். (எந்தக் கடை என்று கேட்காதீர்கள், ஊர் சென்னை.) எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

பெரிய கடைகள் பலவற்றில் கல் பதிக்கிறவர் கடையில் உட்கார்ந்திருப்பதில்லை. மாடியில் இருப்பது மெருகு போட, கொக்கி மாட்ட, லேசாக அழுத்த ஒரு ஆள். பதிப்பு வேலை தெரிந்தவர் பட்டறையில் இருப்பார். கண்ணெதிரே பத்து நிமிடத்தில் முடிகிற வேலை பெரும்பாலும் வெறும் அழுத்தல்தான். ஐயா மன்னிக்க வேண்டும், எதிரே உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று கேட்டால் அந்த அரைகுறை வேலைதான் கிடைக்கும்.

அதனால் ரசீதைக் கெட்டியாக வாங்குங்கள். "வைர மோதிரம் 1, ரிப்பேர்" என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். மொத்த எடை மில்லிகிராம் வரை, கல் எண்ணிக்கை, சென்ட், சான்றிதழ் எண், என்ன வேலை, எவ்வளவு கூலி, எந்தத் தேதி, எல்லாம் வேண்டும். பல சான்றிதழ்க் கற்களில் இடுப்பு விளிம்பில் லேசரால் அந்த எண்ணைப் பொறித்திருப்பார்கள். கொடுக்கும் முன் லூப்பில் நீங்களே பாருங்கள், திரும்ப வாங்கும்போதும் பாருங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்கிற வாடிக்கையாளரின் நகைக்கு நாங்களும் கூடுதல் கவனம் எடுப்போம், அது மனித இயல்பு.

இன்னொன்று. மோதிரத்தின் உள்பக்கம் ஹால்மார்க்கோடு எச்யுஐடி (எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி, நகைக்கு நகை மாறும்) இருக்கிறதா பாருங்கள். 2021 ஜூலையில் வந்த முறை, அதனால் உங்கள் மோதிரத்தில் பழைய முத்திரை மட்டும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் மெருகு போடும்போது அதைத் தேய்த்துவிட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். அந்த முத்திரை தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான். வைரத்துக்கு அது எந்த உத்தரவாதமும் தராது.

ரத்னா | புதன், பகல் 12.10

இணையத்தில் வைரம் சோதிக்கும் பேனா விற்கிறார்களே, கல்லில் வைத்தால் பீப் அடிக்கும். அது ஒன்று வாங்கிக்கொண்டால் கல் மாறியதா என்று வீட்டிலேயே பார்க்கலாமே?

உறையூரான் | புதன், பகல் 2.45

ரத்னா அக்கா, அதை நம்பிப் பணம் போடாதீர்கள். திருச்சிப் பக்கம் செயற்கைக் கல் பட்டை தீட்டுவது ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த தொழில். எங்கள் அப்பாவும் சாணைச் சக்கரத்தில் உட்கார்ந்தவர், அதனால் கல் விஷயம் கொஞ்சம் தெரியும்.

அந்தப் பேனா கல் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்று மட்டும் பார்க்கிறது. கண்ணாடி, அமெரிக்கன் டைமண்ட் இரண்டையும் பிடித்துவிடும். மோய்சனைட் (வைரம் மாதிரியே தெரிகிற வேறொரு கல்) நன்றாகச் சூடு கடத்தும், அதையும் பேனா வைரம் என்றே சொல்லும். ஆய்வகத்தில் வளர்த்த கல்லோ வைரமேதான், பேனாவால் பிரித்துச் சொல்லவே முடியாது.

மோய்சனைட்டைப் பத்து மடங்கு லூப்பில் சாய்த்துப் பார்த்தால் அடிப் பட்டைகளின் கோடுகள் இரட்டையாகத் தெரியும். வைரத்தில் ஒற்றைக் கோடுதான். ஆனால் உங்கள் கல் உங்கள் கல்தானா என்று அறிய அதைவிடச் சுலபமான வழி, அதன் மச்சத்தைத் தெரிந்து வைத்திருப்பது. கொடுக்கும் முன் லூப்பில் நிதானமாகப் பாருங்கள். ஒரு கரும்புள்ளி, ஒரு மெல்லிய இறகு போன்ற கோடு, ஏதாவது இருக்கும். எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். இரண்டு இயற்கைக் கற்களுக்கு ஒரே மச்சம் அமையாது.

கோவைக்கவி | வியாழன், இரவு 8.15

ஒரு கூரியர் நண்பர் மூலமாக ராஜ வீதிப் பக்கம் ஒரு பட்டறை கிடைத்தது. சனிக்கிழமை போகிறேன். கேட்க வேண்டியதையெல்லாம் தாளில் எழுதிவிட்டேன். போகும் முன் மோதிரத்தைச் சுத்தம் செய்யவா? பின்னால் ஒரே அழுக்கு.

பட்டறைவாசி | வியாழன், இரவு 9.00

தொடாதீர்கள். சில சமயம் அந்த அழுக்குதான் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும்! ஆடுகிற கல்லை அல்ட்ராசானிக் தொட்டியில் (அதிர்வால் அழுக்கை எடுக்கும் தொட்டி) போட்டாலும் விழுந்துவிடும். பட்டறையில் அவர்களே செய்யட்டும்.

வேலை முடிந்த பிறகு வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, குழந்தைகளின் மெல்லிய பிரஷ், இது போதும். பற்பசை வேண்டாம், தங்கத்தில் கோடு விழும். வைரத்துக்கு எண்ணெய் என்றால் அப்படி ஒரு ஒட்டுதல். அந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் கிரீஸ் தடவிய மேஜை மேல் உடைத்த கல்லைத் தண்ணீரோடு ஓட விடுவார்கள், மற்றது அடித்துக்கொண்டு போகும், வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். தேங்காயெண்ணெய், லோஷன், தாளிப்புப் புகை எல்லாம் அப்படித்தான் உங்கள் கல்லின் அடியில் சேர்கிறது.

கோவைக்கவி | பன்னிரண்டு நாள் கழித்து, இரவு 9.30

மோதிரம் வந்துவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பட்டறைக்காரர் வயதானவர், அதிகம் பேசவில்லை. திரையோடு இணைத்த மைக்ரோஸ்கோப்பில் மோதிரத்தை வைத்துக் காட்டினார். இரண்டு பிராங்கின் முனை காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. மூன்றாவதின் அடியில் குறுக்கே ஒரு விரிசல். வளையம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீள்வட்டமாகியிருந்தது. பட்டறைவாசி அண்ணா, நீங்கள் பார்க்காமலே சொன்னது அப்படியே இருந்தது.

கல்லை என் எதிரிலேயே எடுத்தார். சாமணத்தில் பிடித்துக் காட்டியபோது இடுப்பு விளிம்பில் ஒரு சின்னச் சில்லு. நான் அழுதுவிட்டேன். அது சான்றிதழ்ப் படத்தில் இல்லை. அழுத்தும்போது ஆனதா, ஸ்கூட்டியில் ஆனதா என்று கேட்டேன். "அம்மா, அதைச் சாமி மட்டும்தான் சொல்லணும்" என்றார். யார்மேலும் பழி போடாமல் அவர் அப்படிச் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

நாலு பிராங்கில் மூன்று சரியில்லாததால் முனை கட்டுவது வீண் என்று சொல்லி, ஆறு பிராங் உள்ள புதுத் தலையை லேசரில் வைத்துக் கொடுத்தார். சில்லு இருந்த இடம் ஒரு பிராங்குக்கு அடியில் வரும்படி கல்லைத் திருப்பி உட்கார வைத்திருக்கிறார். மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. கொடுக்கும்போது எடை 3.412 கிராம், வாங்கும்போது 3.596. தலைத் தங்கம், கூலி, ரோடியம் சேர்த்து 5,200 ரூபாய் ஆனது. கல்லில் பொறித்த எண்ணை இரண்டு தடவையும் லூப்பில் படித்தேன், ஒவ்வொரு இலக்கமாக. உறையூரான் அண்ணா சொன்ன மச்சமும் வரைந்து வைத்திருந்தேன். இடது ஓரத்தில் கமா மாதிரி ஒரு கோடு. அதே இடத்தில் இருக்கிறது.

இப்போது வண்டி எடுக்கும் முன் மோதிரத்தைக் கழற்றிக் கைப்பையின் உள் ஜிப்பில் போடுகிறேன். ஆபீஸ் போய் மாட்டிக்கொள்கிறேன்.

ரத்னா | இரவு 9.50

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது கவி. நல்லவேளை. கைப்பை ஜிப்பில் அப்படியே போடாதீர்கள், சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். சாவி உரசும்.

பட்டறைவாசி | இரவு 10.40

ஆறு பிராங், சில்லை மறைத்த கோணம், இரண்டும் சரியான முடிவு. பெரியவர் தேர்ந்த கை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவரிடமே காட்டுங்கள். நடுவில் புடவை நூலோ துப்பட்டாவோ பிராங்கில் மாட்டினால் அன்றைக்கே காட்டுங்கள், முனை தூக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

தெற்காவணி | மறுநாள், காலை 6.40

மகளே, சந்தோஷம். இந்த இழையைப் படித்ததில் எனக்கும் ஒரு வேலை வந்தது. அம்மாவின் தோட்டை வங்கி லாக்கரிலிருந்து எடுத்து ஆவணி மூல வீதியில் எங்கள் பத்தரிடம் காட்டினேன். நான் சொன்னபடி பதினான்கு கல்லும் அசையவில்லை. ஆனால் வலது தோட்டின் திருகாணி மரை தேய்ந்து, ஒரு விரலால் இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. பேத்தி கல்யாணத்துக்கு அதைத்தான் போட இருந்தாள், தை மாதம். புது மரை போட்டு, பழைய தண்டையும் மாற்றக் கொடுத்திருக்கிறேன். தம்பி, தண்டு பற்றவைக்கும்போது குளோஸ் செட்டிங் கல்லுக்குப் பின்னால் இருக்கிற தகடு சூட்டில் கறுக்குமா? இன்று மாலைக்குள் சொன்னால் அவரிடம் போய்ச் சொல்லிவிடுவேன்.

பட்டறைவாசி | காலை 7.05

கறுக்கும் ஐயா. உடனே போன் போடுங்கள், தீ வேண்டாம், லேசரில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள்.

தெற்காவணி | காலை 7.20

சொல்லிவிட்டேன். இன்னும் அடுப்புப் பக்கம் போகவில்லையாம்.